மொட்டு வரும்வரை தண்ணீர் கூடாது

எனக்குக் கள்ளி பிடிக்காது. ஊரில் அது வேலியோரத்துச் சாமான். ஆடு மாடு உள்ளே வராமல் பார்த்துக்கொள்வதோடு அதன் வேலை முடிந்தது. முள்ளுச் செடியை வீட்டுக்குள் கொண்டுவந்தால் வீட்டுக்குள் சண்டை வரும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ஆகவே, என்னோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்த டொக்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னச் சட்டியில் ஒரு கள்ளியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறியபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

"காசு குடுத்து முள்ளு வாங்கிற ஆளை இண்டைக்குத்தான் டொக்டர் பாக்கிறன்" என்றேன்.

"நீர் பேசாமல் வாரும் ஐசே" என்றார் அவர்.

எழுபதுகளின் கடைசி அது. மெல்பேர்னில் எங்கள் ஆட்களை விரல் விட்டு எண்ணலாம். நாங்கள் இருவரும் சன்ஷைனில் ஒரு பழைய பலகை வீட்டில் இருந்தோம். நான் கார் உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பின்னேர ஷிஃப்ட். காலை முழுக்க வீட்டில்தான் கிடப்பேன். சமையலும் என் பொறுப்பு. அவர் என்னைவிட நாலு வயது மூத்தவர். இலங்கையில் எட்டு வருடம் டொக்டராக இருந்தவர், கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகும் வேலை பார்த்தார். வெளிநாட்டு டொக்டர்மாருக்கு வைக்கும் பரீட்சையில் பாஸ் பண்ணினால்தான் இங்கே நோயாளியின் நாடியைப் பிடிக்கலாம். அதுவரைக்கும் கட்டிலைத்தான் பிடிக்கலாம். அந்தப் பரீட்சை ஆகஸ்ட் கடைசியில் இருந்தது. அதைத் தவறவிட்டால் அடுத்ததுவரை காத்திருக்க வேண்டும். அவருடைய விசாவுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை.

கார் எங்களுடையது அல்ல. எங்களுக்கு முந்தி வந்து, வீடு, கார், புல்வெட்டும் மெஷின் என்று நிலைத்துவிட்ட ஒரு கணக்காளர் இருந்தார். நாங்கள் அங்கிள் என்போம். ஞாயிறுகளில் எங்களை ஏற்றிக்கொண்டு மலைப்பக்கம் போவார். அன்றைக்கு டன்டினோங் மலையடியில், த பேசின் என்ற ஊரில், ஒரு வீட்டு வாசலில் மேசை போட்டு ஒரு வெள்ளைக்காரக் கிழவி செடிச்சட்டிகள் விற்றுக்கொண்டிருந்தாள். டொக்டர் வாங்கியது உருண்டையாக, எலுமிச்சம்பழம் அளவில் இருந்தது. பக்கத்தில் கொட்டைப்பாக்கு அளவில் நாலைந்து குட்டிகள். முள்ளு வெள்ளையாக, குட்டையாக, தொட்டால் குத்தாது. ஐஸ்கிரீம் குச்சியில் பெயர் எழுதி மண்ணில் குத்தியிருந்தாள்: ரெபூட்டியா.

தென்னமெரிக்காவில் அந்தீஸ் மலையில், மரம்கூட முளைக்காத உயரத்தில், கல்லிடுக்கில் கிடக்கும் செடியாம். பகலில் தோலை உரிக்கும் வெயில், இரவில் உறைபனி, குளிர்காலம் முழுக்க ஒரு சொட்டு மழை கிடையாது. ஆகவே இங்கேயும், குளிர் தொடங்கும் மே மாதத்தோடு தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். சுருங்கும், சிவக்கும், மண்ணுக்குள் இறங்கும், செத்ததுபோல் கிடக்கும். பயப்படக் கூடாது. வசந்தம் வருகிறபோது அடியில் மொட்டு வைக்கும். மொட்டைக் கண்ட பிறகுதான் முதல் தண்ணீர். இரக்கப்பட்டு முந்தி ஊற்றினால் அழுகிவிடும். கிழவி இதை விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்.

காரில் வரும்போது டொக்டர் சொன்னார்: "மருந்து குடுக்காமல் இருக்கிறதுதான் இதுக்கு மருந்து. எனக்கேத்த நோயாளி ஐசே. இந்த நாட்டிலை வேறை ஒருத்தரையும் தொட விடமாட்டினம்."

அதைப் பின் விறாந்தை ஜன்னலடியில், ஒரு பழைய பிஸ்கட் டின் மூடியில் வைத்தார். குளிர் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்தினார். ஜூன் மாதம் அது உண்மையாகவே செத்த களையோடு கிடந்தது. கறுத்துச் சிவந்து, தோல் சுருங்கி, பாதி உருண்டை மண்ணுக்குள் போய்விட்டது. ஒரு காலை பொறுக்கமாட்டாமல் ஒரு கோப்பைத் தண்ணீரோடு நான் போக, ஷேவ் எடுத்துக்கொண்டிருந்தவர் அரை முகத்துச் சோப்போடு ஓடிவந்து என் கையைப் பிடித்துவிட்டார். "கொல்லப் போறீரோ?" என்று கேட்டார். அன்றைக்கே ஒரு துண்டுக் காகிதத்தில் 'மொட்டு வரும்வரை தண்ணீர் கூடாது, சட்டியில் கை வைக்கக் கூடாது' என்று எழுதி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினார். அவரும் சட்டியைத் தொடுவதில்லை. காலையில் வேலைக்குப் போகமுதல் குனிந்து பார்ப்பதோடு சரி. அந்த வீட்டில் ஒருவரும் கை வைக்காத ஒரே இடம் அதுதான்.

தந்தி ஆகஸ்ட் தொடக்கத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. அவர் வேலைக்குப் போய்விட்டார். தந்திக்காரன் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே உறையை நீட்டினான். உறையில் அவர் பெயர்தான் இருந்தது. ஆனால் தந்தியைக் கையில் வாங்கிவிட்டுத் திறக்காமல் இருக்கிற தமிழன் இன்னும் பிறக்கவில்லை. திறந்தேன். அவருடைய தங்கச்சி அடித்திருந்தாள். அப்பா கடுமை, உடனே புறப்படு. அவ்வளவுதான்.

நான் குசினிக் கதிரையில் உட்கார்ந்தேன். ஆள் முடிந்துவிட்டார் என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. இதை வாசிக்கிற எங்கள் ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எங்கள் சனம் சாவைச் சாவென்று தந்தியில் அடிக்காது. கேட்கிறவன் தனியே இருப்பான், தாங்கமாட்டான் என்று, நோய் முற்றிக் கிடக்கிறார் என்ற அர்த்தம் வர 'கடுமை' என்று அடிப்பார்கள். வந்து இறங்கி, வாசல் படலையில் பந்தலைக் கண்டு தெரிந்துகொள்ளட்டும் என்று விடுவார்கள்.

எனக்கு அப்படித்தான் நடந்தது. கொழும்பில் வேலையாக இருந்தபோது 'அம்மா கடுமை' என்று தந்தி வந்தது. காலை ரயிலில் ஏறி, யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரை அத்தனை மணித்தியாலமும் நான் கும்பிட்டுக்கொண்டே இருந்தேன். எனக்குத் தெரிந்த கோயில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேர்த்தி வைத்தேன். வவுனியா தாண்டியபோது, அம்மா எழும்பியிருந்து கஞ்சி குடிப்பதாகவே எனக்குள் நம்பிக்கை வந்துவிட்டது. வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பியபோது பறைமேளம் கேட்டது. அம்மா முதல்நாள் விடியவே செத்துப்போனா. தந்தி அடிக்கும்போதே பிரேதம் குளிப்பாட்டியாகிவிட்டது. அந்த ரயில் பயணத்தை நான் இன்றுவரை ஒருவருக்கும் மன்னிக்கவில்லை. அழுவதற்கு இருந்த நேரத்தை எல்லாம் என்னை நம்பவைத்தே வீணாக்கிவிட்டார்கள்.

இதே பயணத்தைத்தான் டொக்டரும் செய்யப்போகிறார். ரயில் ஒரு நாள்தான். இது மெல்பேர்னிலிருந்து சிங்கப்பூர், சிங்கப்பூரிலிருந்து கொழும்பு, அங்கிருந்து யாழ்ப்பாணம். மூன்று நாள், நாலு நாள், பொய் நம்பிக்கையோடு. போய்ச் சேரும்போது சாம்பலும் இராது. பரீட்சையும் போய்விடும், விசாவும் போய்விடும். செத்த மனிதருக்காக உயிரோடிருக்கிறவரும் அழிய வேண்டுமா?

தெரு முனை டெலிபோன் பூத்துக்குப் போய் அங்கிளின் ஒபிசுக்கு எடுத்தேன். தந்தியை வாசித்துக் காட்டினேன்.

"கடுமை எண்டால் முடிஞ்சுது எண்டுதானே தம்பி" என்றார் அவர். யோசிக்க ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. "இப்ப சொல்லி என்ன பிரயோசனம்? சோதனை முடியட்டும். பிறகு ஆறுதலாச் சொல்லுவம். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு மகன் போய் நிண்டால் போதும்."

"ஓம் அங்கிள், நானும் அதைத்தான் நினைச்சனான்" என்றேன். பெரியவர் ஒருவர் தலையாட்டிவிட்டால் பாவம் பாதியாகிவிடும் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு.

இழவுச் செய்தி வந்த காகிதத்தை வீட்டுக்குள் வைக்கக் கூடாது. என் பெட்டியில் வைக்க மனம் வரவில்லை. பிறகு அவருக்குக் காட்டவேண்டிய பொருள், எரிக்கவும் முடியாது. பின் விறாந்தை வீட்டோடு சேர்ந்ததும் சேராததுமான இடம். அங்கே கள்ளிச் சட்டி கண்ணில் பட்டது. தந்தியை நாலாக மடித்தேன். சட்டியை மெல்லத் தூக்கி, காகிதத்தை டின் மூடிக்குள் வைத்து, மேலே சட்டியை இருத்தினேன். பரீட்சை முடிய எடுத்துவிடலாம். மொட்டு வர எப்படியும் செப்டெம்பர் ஆகும்.

பின்னேரம் வேலைக்குப் போகமுதல் சமைக்கத் தொடங்கியபோதுதான் இன்னொன்று உறைத்தது. அப்பா செத்த பிள்ளைக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. மச்சம் வாயில் வைக்கக் கூடாது. மீனோ இறைச்சியோ சமைத்து அவருக்குக் கொடுத்தால், அவருக்குத் தெரியாமலே அவருடைய துடக்கை நான் முறித்தவனாவேன். சாவை மறைக்கலாம், அது அவருடைய நன்மைக்கு. இதை எப்படிச் செய்வது? குளிர்பெட்டியில் இருந்த ஆட்டிறைச்சியை எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். பருப்பும் கத்தரிக்காயும் சமைத்து மூடி வைத்தேன்.

அடுத்த நாளும் மரக்கறி. அதற்கடுத்த நாளும் மரக்கறி. வெள்ளிக்கிழமை வரைக்கும் பேசாமல் இருந்தவர் சனிக்கிழமை கறிச்சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன ஐசே, இறைச்சிக்கடைக்காரனோடை கோபமோ?" என்று கேட்டார். ஆட்டிறைச்சி என்றால் உயிரை விடுகிற மனிதர்.

பொய் தயாராகவே இருந்தது. "உங்களுக்காகப் பிள்ளையாருக்கு நேர்த்தி வச்சிருக்கிறன் டொக்டர். சோதனை முடியுமட்டும் இந்த வீட்டிலை மச்சம் இல்லை. நீங்கள் பாஸ் பண்ணோணும்."

அவர் கறிச்சட்டியை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எனக்காக ஒருத்தரும் இப்பிடிச் செய்ததில்லை ஐசே" என்றார். கோப்பையில் சோற்றைப் போட்டு, கத்தரிக்காய்க் குழம்பை வழித்துச் சாப்பிட்டார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. ஒரு மனிதருக்காக அவர் அறியாமலே அவருடைய துக்கத்தைக் காக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி ஒரு மடையன் நான்.

அந்த இரண்டு கிழமையும் காலையில் தபால்காரனை நான்தான் வாசலில் நின்று பார்த்தேன். ஊரிலிருந்து கடிதம் வந்தால் என்ன செய்வது என்று பயம். ஒன்றுகூட வரவில்லை. அதை என் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டேன். ஏன் வரவில்லை என்று யோசிக்கிற புத்தி எனக்கு இருக்கவில்லை. வந்துகொண்டிருக்கிறவனுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

இரண்டாவது தந்தி, சரியாக இரண்டு கிழமை கழித்து, அடுத்த செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய் வந்தது. அதே தந்திக்காரன். நான் வாசலில் நின்றே திறந்தேன். அப்பா திங்கள் காலை காலமானார்.

திங்கள் காலை என்றால் நேற்று. நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். எந்தத் திங்கள் என்று தேடினேன். உறையின் திகதியைப் பார்த்தேன். தங்கச்சி பொய் சொல்லவில்லை, மறைக்கவில்லை, பக்குவமாகச் சொல்லவில்லை. கடுமை என்றால் கடுமை என்று அடித்திருக்கிறாள், செத்தபோது செத்தார் என்று அடித்திருக்கிறாள். எங்கள் சனத்திலேயே ஒழுங்காகத் தந்தி அடிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான் போலும். அவளுடைய தந்தி வந்து விழுந்தது என் கையில்.

பதின்மூன்று நாள் அந்த மனிதர் உயிரோடு கிடந்திருக்கிறார். நாலு நாளில் மகன் போய்ச் சேர்ந்திருக்கலாம். மகன் டொக்டர் வேறு. ஒன்பது நாள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்திருக்கலாம். அந்த ஒன்பது நாளும் நான் அவருக்குப் பருப்பும் கத்தரிக்காயும் போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அதை எப்படித் திருப்பிப் போட்டாலும் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். பூத்துக்குப் போய் அங்கிளுக்கு எடுத்தேன்.  "அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி, நீர் கேட்டீர், நான் ஏதோ சொன்னனான்" என்று வைத்துவிட்டார். டொக்டரின் பரீட்சைக்கு நாலு நாள் இருந்தது. முதல் தடவை மறைத்தது அவருக்காக. அதை யார் கேட்டாலும் சொல்வேன். இரண்டாம் தடவை மறைத்தது எனக்காக. இதைச் சொன்னால் அதையும் சொல்ல வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

பரீட்சை சனிக்கிழமை முடிந்தது. பின்னேரம் முகம் மலர்ந்து வந்தார். "மோசமில்லை ஐசே. உம்மடை பிள்ளையார் வேலை செய்திருக்கிறார்" என்று சப்பாத்தைக் கழற்றினார். "இனி ஆட்டிறைச்சி!"

நான் இரண்டாவது தந்தியை எடுத்துக் கொடுத்தேன். அதை மட்டும்.

அவர் வாசித்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.  "இது செவ்வாய் வந்தது டொக்டர். நாலு நாளா நான்தான் வச்சிருந்தனான். சோதனை முடியட்டும் எண்டு..." என்றேன்.

"விளங்குது" என்றார்.  "நான் எண்டாலும் அப்பிடித்தான் செய்திருப்பன். செவ்வாய் சொல்லியிருந்தாலும் கொள்ளி வைக்கப் போய்ச் சேர்ந்திருக்கேலாது." எழும்பி வந்து என் தோளில் கை வைத்தார். "ஒண்டு மட்டும் நல்லது ஐசே. கிடந்து உத்தரிக்காமல் போயிட்டார். டக்கெண்டு போயிட்டார். கடுமை எண்டு ஒரு தந்தி வந்திருந்தால் நான் செத்திருப்பன்."

அந்தக் கை என் தோளில் இருந்த பாரத்தை நான் இன்றைக்கும் அறிவேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. ஊருக்குப் போனால் தங்கச்சி முதல் தந்தியைப் பற்றிச் சொல்வாள்தான். அது வந்து சேரவில்லை, வழியில் எங்கோ தொலைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். தபால் கந்தோருக்கு வாய் இல்லை. அவர் போனதும் சட்டிக்குக் கீழே இருப்பதை எடுத்து எரித்துவிட்டால் சரி. அதுவரைக்கும் அவர் எந்நேரமும் வீட்டில்தான் இருந்தார். ஆஸ்பத்திரியில் லீவு எடுத்து, பின் விறாந்தையிலேயே கதிரையைப் போட்டு, தாடியோடு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விறாந்தைப் பக்கம் போகவே பயந்தேன்.

முப்பத்தோராம் நாளுக்குப் போய்ச் சேர, இரண்டு கிழமை கழித்துச் சனிக்கிழமை விமானம் பதிவாகியது. அன்று காலை பெட்டி கட்டியாகிவிட்டது. அங்கிள் கார் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். வழியில் சாப்பிட என்று நான் குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு மணித்தியாலம். அதன் பிறகு தீப்பெட்டி.

"ஐசே! இஞ்சை ஓடிவாரும்! மொட்டு!"

இரண்டு கிழமையில் அவருடைய குரலில் முதன்முறையாக உயிர் இருந்தது. "அடியிலை பாரும், சிவப்பா, ஒண்டு இரண்டு இல்லை, சுத்திவர வச்சிருக்கு. குட்டி எண்டுதான் முதல் நினைச்சனான். மொட்டுத்தான் ஐசே! இரும், போக முதல் தண்ணி வைச்சிட்டுப் போறன்."

நான் அகப்பையோடு ஓடினேன். குசினிக்கும் விறாந்தைக்கும் இடையில் எட்டடி இருக்குமா? போய்ச் சேர்ந்தபோது சட்டி அவருடைய இடது கையில் இருந்தது. டின் மூடிக்குள் காகிதம், சட்டியின் அடிவட்டம் அச்சாகப் பதிந்து, மண் ஒட்டிக் கிடந்தது. வலது கையால் எடுத்து விரித்தார்.

டொக்டர்மார் எதையும் வாசிக்கிற விதம் ஒன்று உண்டு. முதலில் திகதி, பிறகுதான் மற்றது. அவருடைய கண் அப்படித்தான் போனது. மேலே போய், கீழே வந்து, திரும்ப மேலே போனது. உதடு எண்ணியது.

"பதின்மூண்டு நாள்" என்றார்.

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மாவின் தந்தி, ரயில், பறைமேளம், அங்கிள், எல்லாம். செத்துவிட்டார் என்றே நம்பினேன் என்றேன். சத்தியமாக நம்பினேன் என்றேன். என் அழுகை எனக்கே அருவருப்பாக இருந்தது. அவர் என்னை நிறுத்தவில்லை. கையில் சட்டியோடு, நான் முடிக்கும்வரை நின்றார். நோயாளி சொல்லி முடிக்கட்டும் என்று நிற்கிற மாதிரி.

பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மரக்கறி?"

நான் கையில் இருந்த அகப்பையைப் பார்த்தேன்.

"பிள்ளையாருக்கு நேர்த்தி எண்டீர். அது இந்தத் தந்தி வந்த அண்டு துவங்கினதுதானே?"

"ஓம்" என்றேன். "உங்களுக்குத் துடக்கு எண்டு..."

"அவர் அங்கை உயிரோடை கிடந்து படலையைப் பாக்க, நீர் இஞ்சை என்னைக் கொண்டு செத்தவீடு காக்க வச்சிருக்கிறீர்" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். "நானும் ருசிச்சுச் சாப்பிட்டனான்."

பிறகு குசினிக்குப் போய், சட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, குழாயை மெல்லத் திறந்து, விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்துப் பார்த்து, அது குடிக்கும் அளவுக்கு நனைத்தார். வடியும்வரை நின்றார். திரும்பக் கொண்டுபோய் டின் மூடியில் வைத்தார். தந்தியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். புட்டுப் பொதியை எடுக்கவில்லை. அங்கிளின் ஹோர்ன் கேட்டதும் பெட்டியைத் தூக்கினார். நானும் ஒரு பெட்டியில் கை வைத்தேன். "வேண்டாம்" என்றார். எங்கள் ஆட்கள் படியிறங்கும்போது 'போயிட்டு வாறன்' என்று சொல்லாமல் இறங்குவதில்லை. அவர் சொல்லாமல் இறங்கினார்.

அடுத்த கிழமை அது பூத்தது. உருண்டையே கண்ணுக்குத் தெரியாதபடி அடியைச் சுற்றி, செம்மஞ்சள் நிறத்தில், தன் உடம்பைவிடப் பெரிய பூக்கள். காலையில் வெயில் பட விரியும், பின்னேரம் மூடிக்கொள்ளும், மறுநாள் திரும்ப விரியும். ஐந்தாறு நாள் அப்படி. நான் பார்க்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை. அவ்வளவு அழகான ஒன்றின் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. வருட முடிவில் அந்த வீட்டை விட்டுப் போகும்போது அதை ஜன்னலடியிலேயே விட்டுவிட்டேன். கண்ணாடியில் ஒட்டிய காகிதத்தையும் கிழிக்கவில்லை. பிறகு வந்தவர்களுக்குத் தமிழ் தெரிந்திராது.

டொக்டர் திரும்பி வரவில்லை. எந்த நாட்டுக்குப் போனார், என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. அங்கிள் பிறகு பல வீடுகளில் இந்தக் கதையைச் சொன்னாராம். அவர் சொன்ன கதையில் டெலிபோன் இல்லை.

ஒக்டோபரில் பரீட்சை முடிவு வந்தது. நீள உறை, அவர் பெயர், சன்ஷைன் விலாசம். தபால்காரன் அதை என் கையில்தான் தந்தான். குசினி மேசையில் வைத்துவிட்டு முன்னால் வெகுநேரம் இருந்தேன். வெளிச்சத்தில் பிடித்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். பிடிக்கவில்லை. விலாசத்தைக் கோடு போட்டு வெட்டி, அவருடைய ஊர் விலாசத்தை எழுதி, திறக்காமல் அனுப்பிவிட்டேன். அவருக்கு வந்த தபாலில் நான் திறக்காமல் விட்டது அது ஒன்றுதான். அவர் பாஸா பெயிலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.